ஆவடித் தீர்மானமும் இடது மணிக்கட்டும்

கிண்டியிலும் நந்தனத்திலும் வசிக்கிறவர்களுக்குக் கோல்ஃப் என்பது அண்டை வீட்டுச் சங்கதி. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசிகளான எங்களுக்கோ பரந்த வெளியென்று மிஞ்சியிருப்பவை ஏரிகளும் ராணுவத்தாரின் மதிலுக்கு உட்பட்ட நிலங்களுமே. ஆயினும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், தமது பழைய மட்டையொன்றை எனக்குத் தானமளித்ததோடு நில்லாமல், தட்சிணை எதையும் எதிர்பாராமல் மணிக்கட்டு சாஸ்திரத்தையும் உபதேசித்தருளினார்.

பிடியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வலது சுண்டுவிரல் இடது ஆள்காட்டி விரலின்மேல் சவாரி செய்ய வேண்டும். பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தை 6 முறை வென்ற ஹாரி வார்டனால் பிரசித்தி பெற்ற இந்தப் பிடி, பத்து விரல் படைத்த எவருக்கும் சாத்தியமே. விபரீதமெல்லாம் மட்டை தலைக்கு மேல் ஏறிய பிறகுதான். அந்தக் கணத்தில் இடது புறங்கையும் முன்கையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டுமாம். மணிக்கட்டு பின்புறமாக மடிந்து குழிந்தால் மட்டையின் முகம் மலர்ந்து பந்து வலப்பக்கம் ஓடும், உட்புறமாக வளைந்தால் முகம் கவிழ்ந்து இடப்பக்கம் ஓடும். கண்ணெதிரே இருக்கும் குடும்பத்தையே நிர்வகிக்கத் தெரியாத ஒருவன், கண்ணுக்கெட்டாத இடத்திலிருக்கும் ஓர் அவயவத்தின் கோணத்தை நிர்வகிப்பது எங்ஙனம்?

1955 ஜனவரியில் எங்கள் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சமுதாயம் சோஷலிச மாதிரியில் அமைய வேண்டுமென்று தீர்மானித்து, பாரத தேசத்தை இடப்பக்கம் திருப்ப முற்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன், பந்து இடப்பக்கம் போய்விடாதிருக்கத் தாம் கையாண்ட பரம ரகசியத்தை ‘லைஃப்’ பத்திரிகையில் வெளியிட்டார்: மட்டை உச்சிக்கு ஏறுகையில் இடது மணிக்கட்டைச் சற்றே குழித்துக்கொள்வது! அவருக்கு இருந்தது இடதுசாரி வியாதி. எனக்கும், இவ்விளையாட்டைப் புதிதாகப் பயிலும் சாமானியரில் பெரும்பாலோருக்கும் வாய்த்திருப்பதோ வலதுசாரி வியாதி. ஹோகனின் ஔஷதத்தை நாங்கள் உட்கொண்டால் ஆவடியில் அடித்த பந்தைத் திருநின்றவூரில் தேட வேண்டியதுதான். மகான்களின் வாக்கு சகலருக்கும் பொது என்று சாதிக்கும் நண்பரிடம் இந்தப் பேதம் எடுபடவில்லை.

ஆகையால் அவரறியாமல், பேரனுடைய மர ஸ்கேலைக் கடிகாரப் பட்டைக்கடியில் புறங்கை வரை நீளும்படி செருகிக்கொண்டு மொட்டை மாடியில் அப்பியாசம் செய்யலானேன். மணிக்கட்டு குழிந்தால் ஸ்கேல் புறங்கையில் குத்தி எச்சரிக்கும். “வடகம் காயுது, அந்தப் பக்கமா நின்னு சுத்துங்க” என்பதைத் தவிர என் தர்மபத்தினி வேறு விமரிசனம் செய்யவில்லை.

பிறகு, தெருக்கோடியிலுள்ள காலி மனையில் நிஜப் பந்தை வைத்து அடித்தேன். அது வலப்பக்கமாக வளைந்து சென்று, ஆவடி மாநாட்டில் இளந்தொண்டராகப் பந்தற்கால் நட்ட பெரியவர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் விழுந்தது. விவரத்தையெல்லாம் பொறுமையாகக் கேட்ட அவர், பந்தை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “இடப்பக்கம் போகணும்னு நாங்க தீர்மானமே போட்டோம், தம்பி. அதுவே எந்தப் பக்கம் போச்சுன்னு பார்த்தீங்கல்ல?”