மழைக்கு இருமும் வண்டி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: இரவில் மழை பெய்தால், மறுநாள் காலையில் பழைய புரோட்டான் அரேனா இருமிக்கொண்டே கிளம்புகிறது, வெயில் ஏறியதும் நோயே இல்லாததுபோல் ஓடுகிறது. வண்டிக்கும் சளி பிடிக்குமா? – வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: பிடிக்கும், ஆனால் அது நெஞ்சுச் சளி அல்ல, தோலில் ஏறிய ஈரம். வீரா காரின் உடற்கட்டிலிருந்து உருவாக்கப்பட்டு 2002இல் விற்பனைக்கு வந்து, ஆஸ்திரேலியாவில் செம்மறியாட்டைக் குறிக்கும் ஜம்பக் என்ற பெயரில் ஓடிய இந்தச் சிறு பிக்கப்பில் இருப்பது 1,468 சிசி நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். அதன் சிலிண்டர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் எரிகின்றன. உறுமி மேளத்தில் ஓர் அடி விடுபட்டால் காவடி எடுத்து ஆடுபவரின் கால் தடுமாறுவதுபோல, ஒரு சிலிண்டர் தன் முறை வரும்போது எரியாமல் விட்டால் வண்டி முழுவதும் குலுங்குகிறது. பட்டறைகளில் 'மிஸ்ஸிங்' எனப்படுவது இதுவே. நிமிடத்துக்கு 800 சுற்றில் நின்றபடி ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, அதாவது நிமிடத்துக்கு 400 முறை எரிய வேண்டும் என்பதால், ஒன்று மட்டும் ஓய்ந்தாலும் இருக்கையில் இருப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

ஈரத்தின் பங்கு, தீப்பொறி பிளக்குக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் பிளக் கேபிளில் தொடங்குகிறது. பல்லாயிரம் வோல்ட் அழுத்தத்தைச் சுமக்கும் அந்தக் கேபிளின் ரப்பர் உறை, ஆண்டுக்கணக்கில் எஞ்சின் சூட்டில் வெந்து மயிரிழையாக வெடித்திருக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கின் மழை ஈரம் அவ்வெடிப்புகளில் இறங்கியதும், மின்சாரம் பிளக் முனையின் இடைவெளியைத் தாண்டும் சிரமத்தை விட்டு, அருகிலுள்ள இரும்புக்குக் குறுக்கு வழியில் பாய்கிறது. இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, கையையும் ஆடையையும் பெல்ட்டுக்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொண்டு, கேபிள்கள்மீது நீரைப் பனிபோலத் தெளித்தால், பழுதான இடத்தில் நீலப் பொறி துள்ளுவதைக் காணலாம். அவ்வாறு கண்டால் நான்கு கேபிள்களையும் ஒருங்கே மாற்றுவதே முறை, ஏனெனில் நான்கும் ஒரே சூட்டில் ஒரே காலம் வெந்தவை. மின்சாரத்தைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டியாயின், அதன் மூடியின் உட்புறத்தில் கரிக்கோடு ஓடியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: பிளக் நான்கும் மாற்றியாயிற்று, காயிலும் மாற்றியாயிற்று, மிஸ்ஸிங் மட்டும் மாறவில்லை. அடுத்து எதை மாற்றலாம்? – வாசகர், கிள்ளான்

பதில்: மாற்றும் வரிசையை. எரியாத சிலிண்டர் எது என்பதை முதலில் கண்டறியாமல் உதிரிபாகம் வாங்குவது, நாடி பார்க்காமல் மருந்துக்கடையையே விலைக்கு வாங்குவதற்கு ஒப்பானது. எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் மின்இணைப்பையும், எஞ்சின் ஓடும்போது முறையாகக் கழற்றி மாட்டினால், நலமான சிலிண்டரின் முறையில் எஞ்சின் மேலும் தள்ளாடும். எதைக் கழற்றியும் ஓட்டத்தில் வேறுபாடு தெரியவில்லையோ அதுவே குற்றவாளி. பல போமன்கள் (மெக்கானிக்குகள்) பழக்கத்தால் பிளக் கேபிளையே பிடுங்கிப் பார்ப்பார்கள். அதில் கைக்கு அதிர்ச்சியும் காயிலுக்குச் சேதமும் நேரக்கூடும் என்பதால் அம்முறையைக் கைவிடுவது நல்லது.

சிலிண்டர் தெரிந்தபின் அதன் பிளக்கை அடுத்ததோடு இடம்மாற்ற வேண்டும். நோய் பிளக்கோடு இடம்பெயர்ந்தால் பிளக்கும், பெயராவிட்டால் வேறொன்றும் காரணம். கேபிளுக்கும் இன்ஜெக்டருக்கும் இதே சோதனை பொருந்தும், செலவு ஒரு காசும் இல்லை. கழற்றிய பழைய பிளக்கைத் தூக்கி எறியாமல் அதன் முகத்தைப் படிக்கவும் வேண்டும்: இளம்பழுப்பு நலத்தையும், உலர்ந்த கரி எரிபொருள் மிகுதியையும், எண்ணெய்ப் பசை பிஸ்டன் வளையம் அல்லது வால்வு சீலின் தேய்வையும், வெளிறிய வெண்மை காற்று மிகுந்த கலவையையும் காட்டும். நின்றபடி ஓடுகையில் மட்டும் தள்ளாடி, வேகம் ஏறியதும் சீராகும் வண்டியில், காற்று திருட்டுத்தனமாக நுழையும் வெடித்த வாக்குவம் குழாயைத் தேடுவது பெரும்பாலும் பலன் தரும்.

கேள்வி: எஞ்சின் எச்சரிக்கை விளக்கு மினுக்குவது கண்ணை உறுத்துகிறது. ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கலாமா? – வாசகர், கோலாலம்பூர்

பதில்: கூடாது. மிஸ்ஸிங்கின்போது அந்த விளக்கு மினுக்கினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் சென்று, நச்சுப்புகையை மாற்றும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் எரிந்து, அதன் தேன்கூடு போன்ற உட்பகுதியையே உருக்கக்கூடும். கேபிள் விலையில் முடிய வேண்டிய வேலை கன்வெர்ட்டர் விலைக்கு ஏறிவிடும். வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்துவதே வழி.

கேள்வி: துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றும் டீசல் ஹைலக்ஸிலும் மிஸ்ஸிங் வருகிறது, பிளக்கைத் தேடினால் காணோம். – வாசகர், போர்ட் கிள்ளான்

பதில்: காணாதது பார்வைக் குறையன்று, டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக்கே கிடையாது. அழுத்தத்தால் கடுஞ்சூடு ஏறிய காற்றிலே டீசல் தானே பற்றிக்கொள்கிறது. குளிர்ந்த எஞ்சின் கிளம்ப உதவும் குளோ பிளக் வேறு வகை. ஆகவே தேட வேண்டியது எரிபொருளின் பாதையில். மலேசியாவில் போக்குவரத்துக்கான டீசலில் பத்து விழுக்காடு செம்பனை பயோடீசல் கலப்பது 2019இல் கட்டாயமானது. அவ்வெரிபொருள் நீரை ஈர்க்கும் இயல்புடையது, பழைய தொட்டியின் படிவுகளைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பவும் வல்லது. நீர் பிரிப்பானின் அடித்திருகைத் தளர்த்தி நீரை வடித்து, ஃபில்டரை மாற்றிப் பார்த்த பின்னரே இன்ஜெக்டரைச் சந்தேகிக்க வேண்டும். இயந்திர பம்ப் கொண்ட பழைய எஞ்சினில் இன்ஜெக்டர் குழாயின் நட்டைச் சற்றே தளர்த்திச் சோதிக்கும் வழக்கம் உண்டு. காமன் ரெயில் எஞ்சினில் அதை ஒருபோதும் செய்யக்கூடாது, ஏனெனில் 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீறிடும் டீசல், தோலைத் துளைத்து உடலுக்குள் இறங்கிவிடும். வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் அது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம்.