தொப்புள்கொடிக்கு என்ன தேசியம்?

திண்டிவனம் பக்கம் ஓர் இ-சேவை மையம். ஒரு சான்றிதழுக்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், நாலைந்து ஜெராக்ஸ், எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள். கல்லூரி விண்ணப்பம் போட வந்திருக்கிறாள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் தலை தூக்காமல் தட்டிக்கொண்டே போனான்.

"இன்னா ஊரு?"

"கீழ்புத்துப்பட்டு."

"தேசியம்?"

"கீழ்புத்துப்பட்டுதாண்ணா."

"அது ஊரும்மா. நாடு எது?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "முகாம்னு போடுங்கண்ணா."

பையன் அப்போதுதான் தலையைத் தூக்கினான். திரையில் விரிந்த பட்டியலில் ஆப்கானிஸ்தான் முதல் ஜிம்பாப்வே வரை எல்லா நாடும் இருந்தது. முகாம் என்றொரு நாடு இல்லை. மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் 'மற்றவை' என்பதை அமுக்கினான். இவளுடைய செல்போன் அடித்தது. "அம்மா, இன்னும் முடியேல்லை. வரிசையிலதான் நிக்கிறன்" என்றாள். அதே வாய். ஒரு நிமிடத்துக்கு முன்னால் அச்சு அசல் விழுப்புரம் மாவட்டத்துத் தமிழ். இப்போது வன்னித் தமிழ். பள்ளிக்கூடத்தில் பேசுகிறாள், வீட்டில் கதைக்கிறாள்.

பல பண்பாடுகளுக்கு நடுவே வளரும் பிள்ளைகளைப் பற்றி நகரத்தில் இப்போது கருத்தரங்குகள் நடக்கின்றன. அப்பாவுக்கு துபாயில் வேலை, பிறகு சிங்கப்பூர், பிறகு பெங்களூரு. "உனக்கு எந்த ஊர்?" என்று கேட்டால் பிள்ளைக்குப் பதில் வரவில்லையாம். மனசு குழம்பிவிடுகிறதாம். பாவம்தான், நான் கேலி செய்யவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு ஊர் சொல்லத் தெரியாவிட்டால் கவுன்சலிங். இந்தப் பிள்ளை ஊர் சொன்னால் முகாம்களைக் கண்காணிக்கும் கியூ பிரிவு போலீஸ்.

கீழ்புத்துப்பட்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மஞ்சனீஸ்வரர் அய்யனாரைக் கும்பிட வண்டியை நிறுத்துகிற அதே ஊர். இலங்கைத் தமிழர் முகாமும் அங்கேதான். 1983 தொடங்கி படகில் வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல். 2021இல் தமிழக அரசு சட்டமன்றத்தில் வைத்த கணக்குப்படி 108 முகாம்களில் 58 ஆயிரத்துச் சொச்சம் பேர், முகாமுக்கு வெளியே பதிவு செய்து வாழ்வோர் 34 ஆயிரம் பேர். வந்தவர்களுக்குத் தலை நரைத்துவிட்டது. இங்கே பிறந்தவர்கள் இங்கேயே கல்யாணம் செய்து, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்து, அந்தப் பிள்ளைகள் இப்போது 'ஜன கண மன' பாடுகின்றன. மாதா மாதம் 'செக்கிங்' நாளில் வரிசையில் நின்று தலையைக் காட்டிவிட்டு, அடுத்த நாள் காலை பிரேயரில் 'பாரத பாக்ய விதாதா' என்று தொண்டை கிழியப் பாட வேண்டும். பாக்கியத்தைத் தருபவனை வாழ்த்துகிறார்கள். பாக்கியம் மட்டும் வந்தபாடில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தாராள மனசோடுதான் பிறந்தது. இந்த மண்ணில் பிறந்தவர், தூதரகப் பிள்ளைகள் போன்ற சிலர் நீங்கலாக, இந்த நாட்டவர். பிறகு அதற்கும் வயசாயிற்று, மனசு சுருங்கிற்று. 1987 ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இருவருமே இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதமாக வராதவராகவும் இருக்க வேண்டும். ஆக, முகாமில் ஒரே பாயில் உருண்டு வளர்ந்த பிள்ளைகளில் 1986இல் பிறந்த அண்ணன் இந்தியன். 1988இல் பிறந்த தங்கை அந்நியநாட்டவள். பால் ஒன்று, பாய் ஒன்று, நாடு இரண்டு. அந்த அண்ணனுக்காவது கொடுத்தார்களா? அதுவும் கேட்காமல் கிடைக்கவில்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் வழக்குப் போட்டு, 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்ன பிறகுதான் பாஸ்போர்ட். 2024 ஏப்ரல் 19ஆம் தேதி, தன் 38ஆம் வயதில், திருச்சியில் முதல் ஓட்டு. சட்டம் பிறந்த அன்றே கொடுத்ததை வாங்க முப்பத்தெட்டு வருஷம்.

மற்றவர்களை அரசாங்கம் 'சட்டவிரோதக் குடியேறி' வகையில் வைத்திருக்கிறது. செல்லுபடியாகும் ஆவணம் இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்த அந்நியர் என்று அதற்கு அர்த்தம். அப்பா அம்மா படகில் வந்தார்கள், சரி. ஷெல் விழுகிற நேரத்தில் விசா வரிசையில் நிற்காதது அவர்கள் குற்றமென்றே வைத்துக்கொள்வோம். அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் பிறந்த பெண் எந்தத் துறைமுகம் வழியாக ஊடுருவினாள்? எந்தச் சோதனைச் சாவடியை ஏமாற்றினாள்?

இந்த இடத்தில் நம் தலைவர்களின் பிரியமான சொல் ஒன்று ஞாபகம் வருகிறது. 'தொப்புள்கொடி உறவு.' நாற்பது வருஷமாகக் கேட்கிறோம். மைக் முன்னால் நின்றதும் தொப்புள்கொடி தானாக நீள்கிறது, பாக் நீரிணையைத் தாண்டி யாழ்ப்பாணம் வரைக்கும். கூட்டம் முடிந்ததும் சுருண்டுகொள்கிறது. உருவகத் தொப்புள்கொடிக்கு இவ்வளவு மரியாதை. முகாம் பிள்ளையின் நிஜத் தொப்புள்கொடியை அறுத்தது இந்த ஊர் நர்சம்மா. கத்திரிக்கோல் தமிழ்நாடு அரசுடையது. விழுந்ததும் புதைந்ததும் இந்த மண். அந்தக் கொடியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அதற்குக் கைதட்டல் கிடையாது, வேலைதான் உண்டு.

2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என மூன்று நாடு. ஆறு மதம். இலங்கை இல்லை. அங்கிருந்து வந்தவர்களில் இந்துக்களும் உண்டு, கிறித்தவர்களும் உண்டு. பட்டியலில் இருக்கிற மதம்தான், நாடு பட்டியலில் இல்லை. குறுகிய கடலுக்கு அப்பால் இருப்பது டெல்லியின் கண்ணுக்குப் படவில்லை. டெல்லிக்குத் தெரியாததை நம்மவர்கள் சொல்லியிருக்கலாம். மாநிலங்களவையில் அ.தி.மு.க.வின் பதினோரு பேரும் ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள். பன்னிரண்டாவது ஓட்டு பா.ம.க.வின் அன்புமணியுடையது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில்தான் அந்தக் கட்சி நிறுவனரின் தைலாபுரம் தோட்டம். ஈழத்துக்காக அந்தத் தோட்டத்திலிருந்து வந்த அறிக்கைகளை எடைக்குப் போட்டால் ஒரு குடும்பம் ஒரு மாதம் சாப்பிடலாம். தி.மு.க. எதிர்த்து ஓட்டுப் போட்டது, இல்லையென்று சொல்லவில்லை. 2004 முதல் 2013 வரை அதே டெல்லியில் அமைச்சர் நாற்காலிகளில் அவர்கள்தான் இருந்தார்கள். குடியுரிமை அப்போதும் வரவில்லை. நல்ல இலாகா வந்தது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசில் முகாம்களுக்கு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள். புது வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறையை அடைத்து வைத்த பாவத்துக்கு அது தேவைதான். கூடவே ஒரு பெரிய புரட்சியும் நடந்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. பலகை மாற்ற ஆகும் பெயிண்ட் செலவைத் தவிர அரசுக்கு நஷ்டமில்லை. மறுவாழ்வுக்கான பணக்கொடையும் உயர்ந்தது. பிள்ளை ஒன்றுக்கு மாதம் 400 ரூபாய் இருந்தது 500 ஆனது. ஒரு நாளைக்குப் பதினாறு ரூபாய் சொச்சம். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிக்கலாம். வடை கேட்டால் அது ஆடம்பரம்.

2025இல் டெல்லியும் கருணை காட்டியது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்காகத் தண்டிப்பதில்லை என்று ஓர் ஆணை. ஜெயிலில் போட மாட்டோம், அவ்வளவுதான். குடியுரிமை கேட்காதே. தேதியைக் கவனியுங்கள். ஜனவரி 9 என்பது வெளிநாடுவாழ் இந்தியர் தினம். 1915இல் காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து பம்பாயில் வந்து இறங்கிய நாள். அதே 2015 ஜனவரி 9 முதல்தான் இந்திய வம்சாவளியினருக்கான பழைய பி.ஐ.ஓ. அட்டைகளெல்லாம் ஓ.சி.ஐ. அட்டைகள் ஆயின. அதாவது கொள்ளுத்தாத்தா இந்தியராக இருந்தால் போதும், அமெரிக்கக் கொள்ளுப்பேரனுக்கும் ஆயுள் முழுக்க விசா. பொங்கலுக்கு விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கி, பாட்டியிடம் இரண்டு வார்த்தை தமிழ் பேசத் தடுமாறுகிற பிள்ளைக்கு வாசல் எப்போதும் திறந்திருக்கிறது. திறந்திருக்கட்டும். அதே ஜங்ஷனில் அந்தப் பிள்ளைக்குப் பிளாட்பாரம் எதுவென்று தமிழில் சொல்கிறவனுக்கு வாசலே கிடையாது.

துளசேந்திரபுரத்தை எண்ணிப் பாருங்கள். கமலா ஹாரிஸ் அமெரிக்காவில் தேர்தலில் நின்றால் இங்கே கோயிலில் அர்ச்சனை, தெருவெங்கும் பேனர். தாத்தா பிறந்த ஊராம். ஓக்லாந்தில் பிறந்தவர் 'நம்ம பொண்ணு'. திண்டிவனத்தில் பிறந்தவள் 'மற்றவை'. நாம் பிள்ளைகளைச் சொந்தம் கொண்டாடுவது ரத்தத்தைப் பார்த்தோ மண்ணைப் பார்த்தோ என்று இனிமேல் யாரும் சொல்லிக்கொள்ள வேண்டாம். பாஸ்போர்ட் அட்டையின் நிறத்தைப் பார்த்துத்தான்.

கீழ்புத்துப்பட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள், இதே மாவட்டத்தில், ஆரோவில். 1968 பிப்ரவரி 28ஆம் தேதி 124 நாட்டு மண்ணைக் கொண்டுவந்து பளிங்குத் தாமரைக் கலசத்தில் போட்டார்கள். மனிதகுலம் முழுமைக்கும் சொந்தமான நகரம் என்று சாசனம் எழுதினார்கள். ஆக, 124 நாட்டு மண் விசா இல்லாமல் வந்து விழுப்புரம் மாவட்டத்தில் நிரந்தரமாகக் குடியேறியிருக்கிறது. யாரும் செக்கிங் வைக்கவில்லை. ஆரோவில் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. பிரெஞ்சும் தமிழும் ஆங்கிலமும் ஒரே மூச்சில் பேசித் திரிகிறார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அவர்களிலும் வெளிநாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைக்கு விசாத் தாள்தான் தலையெழுத்து. ஆனால் அவர்களைத் தேடிப் பிரதமர் வருகிறார், குடியரசுத் தலைவர் வருகிறார். முகாமைத் தேடி வருவாய் ஆய்வாளர் வருகிறார், கையில் பதிவேட்டோடு.

இன்னும் கொஞ்சம் தெற்கே புதுச்சேரி. 1962இல் பிரெஞ்சு ஆட்சி சட்டப்படி கைமாறியபோது அங்கிருந்தவர்களிடம் கேட்டார்கள்: பிரான்சா, இந்தியாவா, ஆறு மாதத்துக்குள் முடிவு சொல். காலனி ஆண்டவன்கூடக் கேட்டான். இன்றைக்கும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த 'சொல்தா' வீட்டுப் பேரப்பிள்ளைகள் புதுச்சேரியில் இருந்தபடியே பிரான்ஸ் அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார்கள். பாரிஸ் தன் பிள்ளையைக் கடல் கடந்தும் தேடிப் பிடித்து ஓட்டு வாங்குகிறது. டெல்லிக்குக் கண் முன்னால் நிற்கிற பிள்ளை தெரியவில்லை.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கு. உலகத்து அகதிகளையெல்லாம் ஏற்க இந்தியா தர்மசாலை அல்ல என்று நீதிபதி வாய்மொழியாகச் சொன்னார். நீதிமன்றத்தை விமர்சிக்க எனக்குத் தைரியமில்லை. ஊர் விஷயம் ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் பக்கத்து மாவட்டத்தில் வடலூர் இருக்கிறது. 1867இல் வள்ளலார் அங்கே தருமச்சாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. வெள்ளைக்காரன் ஆண்டபோதும் எரிந்தது, பஞ்சத்திலும் எரிந்தது. இலை போடுகிறவர் யாரிடமும் தேசியம் கேட்பதில்லை. தர்மசாலை என்ற சொல்லை ஒரு குறையாகச் சொல்ல இந்த வட்டாரத்தில் பிறந்தவருக்கு நாக்கு வராது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோயில் பக்கம் டீக்கடையில் நின்றிருந்தேன். சென்னையிலிருந்து வந்த கார் ஒன்று ஓரங்கட்டியது. கூலிங் கிளாஸ், பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு டேப்லெட். சைக்கிளில் போன முகாம் பையனை நிறுத்தி ஆரோவிலுக்கு வழி கேட்டார் கார்க்காரர். "இப்டியே நேரா போங்கண்ணா. பெரியமுதலியார்சாவடி வரும். அங்க ரைட்ல திரும்பினா நேரா ஆரோவில்தான்" என்றான் பையன், கையை நீட்டிக் காட்டி.

கார்க்காரருக்குச் சந்தேகம். கூகுள் வேறு ஏதோ சொல்கிறது போல.

"தம்பி, நீ லோக்கல்தானே?"

பையன் யோசிக்கவே இல்லை. "ஆமாண்ணா. இங்கதான் பொறந்தேன்."

சட்டப்படி முதல் வார்த்தை பொய்.