நாலரை மில்லிமீட்டர்

"ரெண்டும் ஒண்ணுதானே மாமா, எதுக்கு ரெண்டு வாங்கி வச்சிருக்கீங்க?"

ஆனித் திருமஞ்சனத்துக்குத் தேர் பார்க்க வந்த என் மச்சான், தேர் பார்த்தது போக மிச்ச நேரத்தில் என் அலமாரியையும் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி இது. அவன் ரயிலேறி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான். எனக்கு இன்னும் ஆறவில்லை. கேட்டதையாவது மெதுவாகக் கேட்டிருக்கலாம். அடுக்களைவரை கேட்கிற குரலில் கேட்டான். அலமாரியில் இருப்பது ஒரே ஒரு பெட்டி என்றுதான் என் மனைவி அதுநாள்வரை நம்பிக்கொண்டிருந்தாள். ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, பின்பெட்டியின் ஓரம்கூடத் தெரியாமல் நிறுத்திவைப்பதற்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் அப்படித்தான் வைத்திருப்பீர்கள்.

இரண்டும் ஒன்றல்ல. ஒன்று 1932ஆம் வருடத்து ஃபோர்டு காரின் பிளாஸ்டிக் மாடல் கிட், நிஜ அளவில் 24இல் ஒரு பங்கு. மற்றது 1932ஆம் வருடத்து ஃபோர்டு, 25இல் ஒரு பங்கு. இரண்டில் எது மேல் என்பதை இந்தக் கட்டுரை முடிவதற்குள் பாகம் பாகமாகப் பிரித்துச் சொல்லித் தீர்ப்பும் கொடுத்துவிடுகிறேன். பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் சட்டங்களைக் கவரோடு தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, ஒருமுறை மோந்து, திரும்ப மூடி வைக்கிற நம் போன்றவர்களுக்கு அது உதவும்.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1932இல் ஹென்றி ஃபோர்டு சாமானியன் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினைப் போட்டுக் கொடுத்தார். 65 குதிரைத் திறன். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய கலிபோர்னியாப் பையன்களுக்கு அது பழைய வண்டியாக மலிவாகக் கிடைத்தது. மட்கார்டைக் கழற்றினார்கள், பானட்டைத் தூக்கி எறிந்தார்கள், கூரையை அறுத்துத் தாழ்த்தி ஒட்டினார்கள், வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டினார்கள். அதுதான் ஹாட் ராட். நம் வீராணத்திலும் கோடையில் இடம் இருக்கும், ஆனால் நமக்குப் புத்தி அப்படிப் போகவில்லை.

இப்போது அந்த 24, 25 விஷயம்.

24 என்பது அடிக்கணக்குக்காரர்களின் ஏற்பாடு. நிஜத்தில் ஓர் அடி என்றால் மாடலில் அரை அங்குலம். கணக்கு சுத்தம். 25 வந்த வழி வேறு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1948இல் தொடங்கிய ஏ.எம்.டி. என்ற நிறுவனம் முதலில் கார் ஷோரூம்களுக்காகச் சின்ன மாதிரி வண்டிகளைச் செய்துகொடுத்தது. அந்த வழியில் 25 ஊன்றிக்கொண்டது. ரெவெல் கம்பெனிக்காரர்களும் அமெரிக்கக் கார்களைப் பெரும்பாலும் 25இல் போட்டார்கள். சிகாகோவின் மோனோகிராம் 24இல் போட்டது. அவரவர் கடை, அவரவர் தராசு என்று விட்டிருக்கலாம். விடவில்லை. 1986இல் ரெவெலும் மோனோகிராமும் ஒன்றாயின. அன்றுமுதல் ஒரே வீட்டிலிருந்து 24ம் வருகிறது, 25ம் வருகிறது. பெட்டியின் அளவிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஓரத்தில் எறும்பு எழுத்தில் போட்டிருப்பதைப் படிக்க வேண்டும்.

"அதனால என்ன மாமா, ஒரு நம்பர்தானே?" இதுவும் மச்சான்தான்.

ஒரு நம்பர். நிஜ வண்டியில் முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் நடுவே 106 அங்குலம். 24ஆல் வகுத்தால் 112.2 மில்லிமீட்டர். 25ஆல் வகுத்தால் 107.7. வித்தியாசம் நாலரை மில்லிமீட்டர். ஹாட் ராட்டின் தர்மமே இந்த வண்டியின் எஞ்சினை அந்த வண்டியில் தூக்கி வைப்பதுதான். 24இன் எஞ்சினை 25இன் சட்டத்தில் வைத்துப் பாருங்கள். பின்னால் தகடு இடிக்கும், முன்னால் ரேடியேட்டர் இடிக்கும். சக்கரத்தை மாற்றினால் வண்டி தெற்கு வீதியில் பஞ்சராகி நிற்கிற மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

நாலு சதவீதம்தானே என்கிறார்கள். இப்படிச் சொல்கிறவர்களே வங்கியில் மூத்த குடிமக்களுக்கு அரை சதவீதம் கூடுதல் வட்டி என்றால் ஆதார் அட்டையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நிற்பவர்கள். பணம் என்றால் அரையும் பெரிது. ஃபோர்டு என்றால் நாலும் சிறிது.

சரி, பெரிதாகவே எடுத்துக்கொள்வோம். இங்கிருந்து கடலூர் சுமார் 45 கிலோமீட்டர். 24இல் ஒரு பங்கு 1,875 மீட்டர். 25இல் 1,800. நடுவே 75 மீட்டர் போய்விட்டது. பஸ்ஸைத் தவறவிட 75 மீட்டர் தாராளம். நடராசர் கோயிலின் கோபுரம் சுமார் 40 மீட்டர். 25இல் செய்தால் 160 சென்டிமீட்டர், என் மனைவியின் உயரம். 24இல் செய்தால் 167, என் உயரம். இரண்டும் ஒன்றுதான் என்றால் என் சட்டையை அவளும் அவள் ரவிக்கையை நானும் போட்டுக்கொள்ளலாம். மச்சானிடம் இதைச் சொன்னேன். "அக்கா கிட்ட கேட்டுப் பாருங்க" என்றான். அவனோடு நியாயம் பேச முடியாது.

இந்த ஊரில் ஸ்கேல் உணர்வு வளராததற்கு நவராத்திரிக் கொலுவும் ஒரு காரணம் என்பது என் திடமான அபிப்பிராயம். நான் முன்பு கட்டி முடித்திருந்த ஒரு சிவப்பு ஹாட் ராட்டை என் மனைவி கேட்காமல் எடுத்துக் கொலுவில் கீழே போட்டிருந்த பார்க்கில் நிறுத்தினாள். பக்கத்தில் பண்ருட்டி மண் பொம்மையான செட்டியாரும் ஆச்சியும், முன்னால் துவரம்பருப்பும் பச்சரிசியும். செட்டியார் எட்டில் ஒரு பங்காவது இருப்பார். வண்டி அவர் முழங்காலுக்கு வருகிறது. அவர் எழுந்து நின்றால் அதைக் காலில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். அந்தப் பக்கம் பிளாஸ்டிக் மயில், வண்டியைவிட நீளம். வண்டியின் பின்னால் கிரிக்கெட் செட், பதினோரு பேரும் வண்டியின் கதவுப்பிடியளவு. வந்த மாமிகள் எல்லாரும் "கார் நன்னாருக்கே, ஓடுமா?" என்றார்கள். ஒருவர்கூட ஸ்கேல் கேட்கவில்லை. மேல்படியில் தசாவதாரம் செட்டில் வாமனர். அளவை நினைத்தபடி மாற்றிக்கொள்ளும் உரிமை பிரபஞ்சத்தில் ஒருவருக்குத்தான் உண்டு, அவர் திருக்கோவிலூரில் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். மற்றவர்கள் பெட்டியின் ஓரத்தைப் படித்துவிட்டுத்தான் பக்கத்தில் நிறுத்த வேண்டும்.

இத்தனைக்கும் நம் நாட்டு ஆட்களுக்கு 25தான் வசதி. ஏன் என்றால், நிஜத்தில் ஓர் அங்குலம் 25இல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். கூரையை மூன்று அங்குலம் தாழ்த்த வேண்டுமா, பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து மூன்று மில்லிமீட்டர் அறுத்துவிடலாம். 24இல் அதே மூன்று அங்குலம் மூன்றேகால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. அந்தக் "கொஞ்சம் கீழே"யைப் பையனின் ஜியாமெட்ரி பாக்ஸில் தேடிப் பாருங்கள். இதனால் 25தான் மேல் என்று நான் சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தீர்ப்பு பின்னால் வருகிறது.

மத்திய அரசும் மச்சான் கட்சிதான். சுங்கத்துறைக்கு ஸ்கேல் மாடலும் கிலுகிலுப்பையும் ஒரே தலைப்பில் வருகிற விளையாட்டுச் சாமான். 2020 பட்ஜெட்டில் இறக்குமதி வரி 20இலிருந்து 60 சதவீதம் ஆயிற்று. 2023இல் 70. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பாற்றுகிறார்களாம். காப்பாற்றட்டும், பண்ருட்டிக்காரர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் 1932 ஃபோர்டை அச்சு பிசகாமல் அச்சடித்துத் தர இங்கே யார் வரிசையில் நிற்கிறார்கள்? பெட்டியில் இத்தனை வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது. எத்தனை வயதுவரை என்று போடவில்லை. அதைப் பார்த்தாவது புரிந்துகொண்டிருக்கலாம்.

பிளாஸ்டிக்கில் எதற்கு, நிஜத்திலேயே செய்யேன் என்று ஒரு நண்பர் கேட்டார். செய்ய முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. கம்பெனி குறித்துக்கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கேரளத்து வழக்கு. அம்பாசடரின் கூரையை அறுத்துத் தாழ்த்திவிட்டு ஆர்.சி. புத்தகத்தோடு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனால், வண்டி அங்கேயே தங்கிவிடும். ஆகவே இந்தியாவில் சட்டத்துக்கு உட்பட்ட ஹாட் ராட் என்பது என் அலமாரியில் இருப்பதுதான். சட்டத்தைக் கேட்காமல் ஓடுவது ஒன்று உண்டு: சென்னை மீன்பாடி வண்டி. மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் ஏதோ ஒரு பழைய எஞ்சின். மட்கார்டு இல்லை, பானட் இல்லை, எஞ்சின் வெளியே தெரிகிறது, சத்தம் இரண்டு தெரு தள்ளிக் கேட்கிறது. கலிபோர்னியாப் பையன்கள் செய்ததற்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை, மீன் வாடையைத் தவிர. அதற்கு ஒரு கிட் வந்தால் 24ஆ 25ஆ என்றுகூடக் கேட்காமல் வாங்குவேன். கேட்பேன், ஆனால் வாங்குவேன்.

கட்டலாம் என்று உட்கார்ந்தால் பசை வேண்டும். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கரைத்து ஒன்றோடொன்று உருக்கி ஒட்டுகிற தண்ணீர் மாதிரிப் பசைதான் சரி. அது இந்த ஊரில் கிடைக்காது. சூப்பர் குளூ கிடைக்கும், ஆனால் அதன் ஆவி பட்டாலே முன்கண்ணாடி வெள்ளையாகப் பூத்துப்போகும். குரோம் பூசின பாகங்களோ உருக்கி ஒட்டுகிற பசைக்கு மசியாது, ஒட்டுகிற இடத்தில் பூச்சைச் சுரண்ட வேண்டும். கடைத்தெருவில் நான் "பிளாஸ்டிக் மாடல் ஒட்டணும்" என்று ஆரம்பித்ததுமே கடைக்காரர் கேட்பது ஒன்றுதான்.

"எந்த டிபார்ட்மென்ட் சார்?"

பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். 1929இலிருந்து இங்கே யார் எதைச் சின்னதாகச் செய்தாலும் அது பிராஜக்ட். என் தலைமுடியைப் பார்த்துவிட்டு, "பையனுக்கா?" என்று திருத்திக்கொண்டு, தெர்மோகோல் கம்மும் ஒரு கட்டுப் பச்சைப் புல்தூளும் எடுத்து வைக்கிறார். அணைக்கட்டு செய்ய அது போதுமாம். எத்தனை முறை சொன்னாலும் அணைக்கட்டுதான். புல்தூள் இரண்டு பாக்கெட் வீட்டில் இருக்கிறது.

பெயின்ட் அடிப்பதற்கு இந்த ஊரில் மாதம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் காற்று முழுக்க ஈரம். லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் காய்வதற்குள் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு சாம்பல் பூத்துவிடும், சிவப்பு வண்டி விபூதி பூசிக்கொள்ளும். சித்திரை வைகாசி வெயிலில் பெயின்ட் வண்டிமேல் விழுவதற்குள் வழியிலேயே காய்ந்து சொரசொரவென்று உட்காரும். ஆடிக் காற்றில் புழுதி. பிச்சாவரம் பக்கத்திலிருந்து வருகிற உப்புக்காற்று பன்னிரண்டு மாதமும். மிஞ்சுவது தை. தையில் வீட்டுக்கே வெள்ளை அடிக்க வேண்டும் என்கிறாள் என் மனைவி, பிரஷ்ஷைப் பிடித்தவன் என்று தெரிந்துவிட்டதால்.

சரி, தீர்ப்பு. கதவு இடுக்கின் கோடு, முன் கிரில்லின் கம்பிகள், எஞ்சின் விவரம், டீக்கால் இந்த நான்கிலும் இரண்டு கிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்... பார்ப்பதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். டயரைத் தனிக் கவரில் போட்டுவிட்டீர்களா?

நிறையப் பேர் போடுவதில்லை. கிட்டில் வருகிற கறுப்பு டயர் மெத்தென்ற வினைல். அதை மெத்தென்று வைத்திருக்கிற சேர்மானம் வருடக்கணக்கில் மெல்ல வெளியே கசியும். பக்கத்தில் தொட்டுக்கொண்டிருக்கிற பாலிஸ்டைரீனை அது கரைத்துவிடும். டயர் எங்கே சாய்ந்து கிடந்ததோ அங்கே வட்டமாகத் தழும்பு விழும். கண்ணாடிப் பாகத்தின்மேல் கிடந்தால் கண்ணாடி போச்சு. கட்டி முடித்து ஷோகேசில் வைத்தாலும் விடாது, சக்கரத்தின் விளிம்பைத் தின்னும். கட்டுகிறவனுக்காவது டயர் சில நாள் கண்ணில் படும். கட்டாமல் காப்பாற்றி வைத்திருக்கிறவனுடையது, அதாவது நம்முடையது, பெட்டிக்குள்ளேயே சத்தமில்லாமல் தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிறது. அதுவும் மேற்குப் பார்த்த அறையின் அலமாரி, வெயில் காலத்தில் உள்ளே கை வைத்தாலே சுடும்.

விசேஷக் கவர் ஒன்றும் தேவையில்லை. மளிகைக் கடையில் மிளகு போட்டுத் தருகிற சின்ன பாலிதீன் கவர் போதும். நாலு டயரையும் அதில் போட்டு, வாயை மடித்து, பெட்டியின் ஓரமாக, எந்தச் சட்டத்தின்மேலும் படாமல் வையுங்கள். கதவு இடுக்கையும் கிரில்லையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் போய் இதைச் செய்யுங்கள். நானும் எழுந்துகொள்கிறேன், பின்பெட்டியை இன்னும் திறந்து பார்க்கவில்லை.