கடலுக்குப் பட்டா

ஹாங்காங்குக்கு ஷாப்பிங் பைத்தியத்தோடு போகலாம், சாப்பாட்டுப் பிரியரோடு போகலாம், பல் முளைக்கிற கைக்குழந்தையோடுகூடப் போகலாம். ஓய்வுபெற்ற சர்வேயரோடு மட்டும் போகக் கூடாது. என் சித்தப்பா தஞ்சாவூர் ஜில்லாவில் சங்கிலி பிடித்து அளந்தே தலை நரைத்தவர். எந்த இடத்தைக் காட்டினாலும் "இது யார் பேர்ல இருக்கு?" என்பார். தாஜ்மகால் வாசலிலும் அதைத்தான் கேட்டார்.

கவுலூன் பக்கம், சிம் ஷா சுய் கரையில் 1915ஆம் வருஷத்து மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது. பழைய ரயில் நிலையத்தை இடித்தபோது போனால் போகிறதென்று விட்டுவைத்தது. அங்கே நின்றால் எதிர்க்கரைத் தீவு முழுக்கத் தெரியும். முன்னால் வானுயரக் கட்டடங்கள், பின்னால் மலை, நடுவே இழுவைப் படகும் சரக்குப் படகும் பயணிகள் கப்பலும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுத் திரிகிற கடல். சுற்றி நின்றவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு எல்லை பார்த்தார்.

"டேய், கட்டடமெல்லாம் தண்ணி ஓரத்துலேயே நிக்குதே. ஒரு முழம்கூடப் புறம்போக்கு விடலை பாத்தியா?"

புறம்போக்கு இல்லாமல் என்ன? அந்தக் கடலேதான் புறம்போக்கு. விக்டோரியா துறைமுகம் என்னும் அந்தக் கடலை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஓரம் ஓரமாகத் தூர்த்துத்தான் ஊரை வளர்த்திருக்கிறார்கள். தீவில் குவீன்ஸ் ரோடு என்று ஒரு தெரு. 1840களில் அதுதான் கடலோரம். இன்று அங்கே நின்று கடல் எங்கே என்று தேடினால் நகைக்கடைதான் தென்படும். கல்கத்தாவில் பிறந்த ஆர்மீனியரான பால் சேட்டர் முன்னின்று நடத்திய தூர்ப்பு வேலை 1890இல் தொடங்கி 1904 வரை நடந்தது. கைபேசியில் பார்த்து இதையெல்லாம் நான் படித்துக் காட்ட, சித்தப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"நம்ம ஊர்ல ஏரியைத் தூர்க்குறவன் ராத்திரியோட ராத்திரியா மண்ணடிச்சு, காலையில ஒரு பிள்ளையாரை வெச்சிடுவான். இவன் பட்டப்பகல்ல பிளான் போட்டுல்ல பண்ணியிருக்கான்!" என்றார். குரலில் கண்டனம் இருந்ததா பாராட்டு இருந்ததா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

கடலைக் கடக்க ஸ்டார் ஃபெரி. 1888இல் டோராப்ஜி என்ற பார்சிக்காரர் தொடங்கிய படகுச் சேவை இது. பத்து வருஷம் கழித்து இந்தப் பெயர் வந்தது. பச்சையும் வெள்ளையுமாக இரண்டு தட்டுப் படகு. இதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. எந்தப் பக்கம் போகிறதோ அதுதான் முன். கரை தொட்டதும் திரும்புகிற வேலையில்லை, வந்தபடியே போய்விடும். ஏறுகிற பயணிகள்தான் மரப் பெஞ்சின் சாய்மானத்தை மறுபக்கம் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். சித்தப்பா எங்கள் பெஞ்சை மூன்று நான்கு தடவை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தார். எதிரே இருந்த அம்மாள் பையை மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டார்.

இவ்வளவு சொற்பக் கட்டணத்தில் இப்படி ஒரு சவாரி உலகத்தில் வேறெங்கே கிடைக்கும் என்று நான் பரவசப்பட்டேன். அந்தக் கட்டணத்துக்கும் ஒரு கதை உண்டு. 1966இல் முதல் வகுப்புக்கு ஐந்து காசு ஏற்றப் போக, ஓர் இளைஞர் படகுத்துறையிலேயே உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், ஊரே கலவரமாயிற்று. முதல் வகுப்புக்காரனுக்கு ஏற்றியதற்கு இவ்வளவு! நம் ஊரில் பஸ் கட்டணம் ஏறினால் கண்டக்டரோடு சண்டை போட்டுவிட்டு டிக்கெட் வாங்கிக்கொள்கிறோம்.

அக்கரையில் இறங்கும் துறையும் பழையது மாதிரி வேஷம் போட்ட புதிய துறைதான். அசல் துறையை 2006இல் மூடிவிட்டு, தூர்த்த இடத்தின் விளிம்புக்குத் தள்ளிவைத்தார்கள். அந்தத் துறையிலிருந்த மணிக்கூண்டை இடிக்கக் கூடாதென்று ஜனங்கள் போராடியும் இடித்தாயிற்று. துறைமுகத்தைக் காப்பாற்ற 1997இலேயே சட்டம் வந்துவிட்டது. மிகமிக அவசியமான பொதுத் தேவை இல்லாமல் தூர்க்கக் கூடாதென்று 2004இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

"அப்ப ஸ்டே இருக்குன்னு சொல்லு" என்றார் சித்தப்பா, நிம்மதியாக.

ஊரில் பார்க்க வேண்டியவை என்று நான் போட்டு வைத்திருந்த பட்டியலில் மற்றவை எதுவும் அவரிடம் எடுபடவில்லை. மலைச்சரிவில் ஏறும் 800 மீட்டர் நீள நகரும் படிக்கட்டு, காலை பத்து மணி வரை இறக்கத்துக்கு மட்டும்தான் ஓடும் என்றதும் ஆர்வம் போய்விட்டது. டீயையும் காபியையும் ஒரே கோப்பையில் கலந்து தருகிற கடையில், கும்பகோணத்துக்காரரான அவர் ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றார். டிங் டிங் என்று மணியடித்துப் போகும் மாடி டிராம் மட்டும் பிடித்தது. இறங்கும்போதுதான் காசு கேட்கிறான் என்பதால்.

அவரை உலுக்கியது குத்தகை விவகாரம். தீவை 1842இலும் கவுலூனை 1860இலும் பிரிட்டிஷ்காரன் நிரந்தரமாக எழுதி வாங்கிக்கொண்டான். போதாமல் 1898இல் வடக்கே பெரிய பரப்பை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தான். 1997இல் குத்தகை முடிந்தது. குத்தகை நிலத்தோடு, நிரந்தரமாக வாங்கியதையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினான்.

சித்தப்பா நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டார். "குத்தகை முடிஞ்ச தேதியில காலி பண்ணினானா? கோர்ட்டுக்குப் போகலையா? கிரயம் பண்ணினதையும் சேத்தா குடுத்தான்?" முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் இப்படியொரு குத்தகைக்காரனை அவர் பார்த்ததில்லை. இந்த ஊரில் நிலமெல்லாம் இன்றும் அரசாங்கத்துடையதுதான், ஐம்பது மாடி கட்டுகிற கோடீஸ்வரனும் அரசாங்கக் குத்தகையில்தான் கட்டுகிறான் என்று நான் சேர்த்துச் சொன்னது தப்பாகப் போயிற்று. அதற்குப் பிறகு எந்தக் கோபுரத்தைக் காட்டினாலும் "பாவம், பட்டா இல்லாதவன்" என்று உச்சுக்கொட்ட ஆரம்பித்தார்.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. சென்ட்ரல் பகுதியில், வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே மரநிழலில் இருக்கும் செயின்ட் ஜான் தேவாலயம். 1849இல் கட்டி முடித்தது. அது நிற்கும் மனைதான் ஹாங்காங்கிலேயே சொந்தப் பாத்தியதை உள்ள ஒரே நிலம். அதுவும் தேவாலயமாக இருக்கும்வரைதான். கேட்டவுடன் அங்கே கூட்டிப்போகச் சொன்னார். கோயில் குளத்தில்கூட அவசரமாகக் கும்பிடுகிறவர், அங்கே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். உள்ளே போகவில்லை. சுற்றுச்சுவர் ஓரமாகவே காலடியை எண்ணி எண்ணி நடந்தார். காவலாளி வந்து என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். "எல்லைக்கல்" என்றார் சித்தப்பா, தமிழிலேயே. காவலாளி என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

இராத்திரி எட்டு மணிக்கு இரு கரைக் கட்டடங்களும் விளக்கும் லேசரும் அடித்துக் கண்காட்சி நடத்துகின்றன. 2004இலிருந்து நடக்கிறது, இலவசம். இதைக் காட்டத் தனிக் கப்பல் என்று தரகர்கள் பின்னாலேயே வருவார்கள், ஏறாதீர்கள். ஏழே முக்காலுக்கு ஸ்டார் ஃபெரி துறைக்குப் போய்விடுங்கள், அது போதும். போகிற எண்ணம் இருந்தால் தள்ளிப்போடவும் வேண்டாம். இப்போதே பத்து நிமிஷத்துக்குள் படகு அக்கரையைத் தொட்டுவிடுகிறது. ஸ்டே எத்தனை நாள் நிற்கும் என்று நிலம் அளந்தவர்கள் உத்தரவாதம் தருவதில்லை.