முதலில் ஜெபம், பிறகு சாக்கடை

நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டரை ஒட்டி கிரீஸ் என்றொரு ஊர். சாலை, சாக்கடை, கட்டட அனுமதி பற்றிப் பேசக் கூடும் அதன் ஊர்மன்றம், 1999 முதல் ஜெபத்தோடு தொடங்கியது. எவரும் வந்து ஜெபிக்கலாம் என்றார்கள். 2007 வரை வந்தவர் அத்தனை பேரும் கிறிஸ்தவர்கள், தற்செயல்தான், நம்புங்கள்!

ஒரு யூதரும் ஒரு நாத்திகரும் முறையிட்டார்கள். உடனே ஒரு யூதர், ஒரு பஹாய், விக்கா மதத்துப் பூசாரிணி ஒருவர் என்று விருந்தாளிகள் வந்துபோனார்கள். பிறகு பழைய குருடி, கதவைத் திறடி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014-இல் 5-க்கு 4 என்று ஊர்மன்றமே வென்றது. யாரையும் ஒதுக்காதவரை, பொதுப்படையாக அல்லாமல் ஏசுவின் பெயரிலேயே ஜெபிக்கலாம் என்றார் நீதிபதி கென்னடி.

யாரையும் ஒதுக்கக் கூடாதா? சரி என்று பீனிக்ஸ் நகர மன்றத்தில் சாத்தானியக் கோவில்காரர்கள் பெயர் கொடுத்தார்கள். அத்தனை ஆண்டு ஜெபித்த மன்றத்துக்குத் திடீரென்று மௌனத்தின் மகிமை புரிந்தது. சில வாரங்களில் மனம் மாறி, போலீஸ், தீயணைப்புத் துறைகளின் மதகுருக்கள் மட்டும் ஜெபிக்கலாம் என்றார்கள். ஆபத்துக்கு உதவும் துறைகள், பொருத்தம்தான்.

அலாஸ்காவின் கீனாய் தீபகற்ப மன்றத்தில் நிலைபெற்ற மத அமைப்புகளுக்கே ஜெபிக்க அனுமதி என்று விதி போட்டார்கள். 2018-இல் நீதிமன்றம் அதைத் தள்ளியது. மறு ஆண்டே, நூடுல்ஸ் பூதத்தை வணங்கும் பாஸ்டஃபேரியர் ஒருவர் தலையில் வடிதட்டைக் கவிழ்த்தபடி வந்து, முறைப்படி ஜெபம் செய்துவிட்டுப் போனார்.