டைனமோ நீக்கமும் ஆல்டர்னேட்டர் ஏற்றமும்: அம்பாசிடர் வயரிங் குறித்து ஒரு மூலபாட ஆய்வு

பழைய அம்பாசிடரில் டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டுவது மெக்கானிக் வேலை என்றே இதுவரை கருதப்பட்டுவந்துள்ளது. இக்கட்டுரை அக்கொள்கையை மறுக்கிறது. ஸ்பானர் பிடிக்கும் வேலை கொஞ்சம்தான். மிச்சம் முழுக்கப் பதிப்பாசிரியர் வேலை. பல கைகள் திருத்திய பழஞ்சுவடியில் எது மூலம், எது இடைச்செருகல் என்று பிரித்தறியத் தெரியாதவர் பானெட்டைத் திறக்காமல் இருப்பது நல்லது.

ஆய்வுக்களம் இளையரசனேந்தல். காரணம் உண்டு. ஒரு பொருளுக்கு இரண்டு இணைப்பு கொடுத்தால் என்ன ஆகும் என்பதைச் சொந்த அனுபவத்தில் அறிந்த ஊர் அது. சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்த இளையரசனேந்தல் பிர்காவை வருவாய்த் துறைக் கணக்கில் தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டியோடு சேர்த்தார்கள். ஊராட்சிகளோ குருவிகுளம் ஒன்றியத்திலேயே தங்கின. பட்டாவுக்கு ஒரு திசை, தெருவிளக்குக்கு வேறொரு திசை. இதைச் சரிசெய்யக் கோரி மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். வயரிங் கோளாறைப் புரிந்துகொள்ள இவர்களுக்குத் தனிப் பயிற்சி தேவையில்லை.

அவ்வூரில், வேப்ப மரத்தடியில், ஓர் அம்பாசிடர் நிற்பதாகக் கொள்க. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை மூலமாகக்கொண்டு, 1950களின் இறுதியில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கொல்கத்தா அருகே உத்தர்பாராவில் தயாரிக்கத் தொடங்கி, 2014 மே மாதம் வரை நடத்திய வம்சம் இது. நம் வண்டி அதன் மூத்த தலைமுறை. ஓட்டம் குறைவு. ஆனால் முகூர்த்த மாதங்களில் அதை விட்டால் ஆள் இல்லை.

டைனமோவின் மானம் போவது மாப்பிள்ளை அழைப்பில்தான். நாதஸ்வரக்காரர் நடக்கும் வேகத்துக்குக் கார் ஊர்கிறது. ஹெட்லைட் எரிகிறது, கூரையில் சீரியல் பல்பு மின்னுகிறது, யாரோ ஒரு சித்தப்பா ஹாரனை விடுவதில்லை. இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது டைனமோ சார்ஜ் கொடுக்காது. கட்-அவுட் என்னும் தானியங்கி ஸ்விட்ச் தொடர்பைத் துண்டித்துவிடும். செலவு முழுவதும் பேட்டரியின் தலையில். அக்காலத்து லூகாஸ் சி40 வகை டைனமோ நன்றாகச் சுற்றினாலும் உச்சமாகக் கொடுப்பது 22 ஆம்பியர். 60 வாட் ஹாலஜன் இரண்டு போட்டாலே 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் போய்விடும். மண்டப வாசலில் மாப்பிள்ளை இறங்கியதும் அவர் நண்பர்கள் காரைத் தள்ளுவதற்கான காரணம் இவ்வளவுதான்.

ஆல்டர்னேட்டர் அப்படியல்ல. அதில் நிலையாக நிற்கும் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. சுழல்வது காந்தப்புலம் மட்டும். டைனமோவில் மொத்த வரும்படியும் கார்பன் பிரஷ் வழியாக வெளியேற வேண்டும்; இதில் கார்பன் சுமப்பது சில ஆம்பியர்தான். ஆகவே சின்ன புல்லி போட்டு வேகமாகச் சுற்றலாம், ஐடிலிலேயே சார்ஜ் ஏறும்.

வரலாற்றில் ஒரு வேடிக்கை. ஃபாரடே 1831இல் மின்தூண்டலைக் கண்டுபிடித்த அடுத்த ஆண்டே பாரிஸில் பிக்ஸி என்பவர் கையால் சுற்றும் மின்னாக்கி செய்தார். அதிலிருந்து வந்தது மாறுதிசை மின்சாரம். இதை என்ன செய்வது என்று விழித்த அவருக்குக் கம்யூட்டேட்டர் வைத்து நேராக்கும் யோசனையைச் சொன்னவர் ஆம்பியர், 'எத்தனை ஆம்ப்ஸ்?' என்று பட்டறையில் கேட்கும்போது விசாரிக்கப்படுபவர் அவரே. 1960இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டர் வைத்தபோது கார் உலகம் மறுபடி மாறுதிசைக்கே திரும்பியது. நேராக்கும் வேலையை இப்போது சிலிக்கான் டயோடுகள் பார்த்துக்கொண்டன.

இனி மூலபாடம். டைனமோ வண்டியில் ஃபயர்வால் பக்கம் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும்: உள்ளே ரெகுலேட்டரும் கட்-அவுட்டும். லூகாஸ் ஆர்பி106 என்றால் ஐந்து முனைகள்: ஏ, ஏ1, எஃப், டி, ஈ. மூல ஆசிரியர் நிறத்திலேயே பொருளை எழுதியிருக்கிறார். டைனமோவிலிருந்து டி முனைக்கு வரும் தடித்த வயர் மஞ்சள், எஃப் முனைக்குப் பச்சைக்கோடு ஓடிய மஞ்சள், பேட்டரிப் பக்கம் பழுப்பு, எர்த் கறுப்பு. ஆனால் கரிசல் புழுதியும் இன்ஜின் ஆயிலும் சேர்ந்து எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிட்டன. துணியைப் பெட்ரோலில் நனைத்து வயரைத் துடைத்துப் பார்ப்பதே பாடபேதம் தீர்க்கும் ஒரே முறை.

இடைச்செருகல்கள் வேறு. டேப் ரெக்கார்டருக்கு இழுத்தது, ஏர் ஹாரனுக்கு இழுத்தது, எதற்கு இழுத்தது என்று இழுத்தவருக்கே மறந்துபோனது. எல்லாம் சிவப்பு வயர். இன்சுலேஷன் டேப்பே அவற்றின் உரை. டெஸ்ட் லாம்ப் கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டறிந்து தள்ள வேண்டும்.

செம்பதிப்பு இவ்வாறு அமையும். ஏ, ஏ1 இரண்டிலும் இருந்த பழுப்பு வயர்களோடு டி முனையின் தடித்த மஞ்சளைச் சேர்த்தால் அது ஆல்டர்னேட்டரின் சார்ஜ் வழி. டியில் இருந்த மெல்லிய மஞ்சள், டாஷ்போர்டின் சிவப்பு விளக்கிலிருந்து வருவது. அதை எஃப் வயரோடு இணைத்து ஆல்டர்னேட்டரின் 'இண்டு' முனைக்கு அனுப்ப வேண்டும். கறுப்புகளெல்லாம் ஒன்றாகட்டும். பழைய தடித்த வயரே போதும் என்பது ஒரு மரபு. ஸ்டார்ட்டர் ஸ்விட்சின் பேட்டரி முனைவரை புதிதாகத் தடித்த வயர் ஒன்று இழுக்க வேண்டும் என்பது மறு மரபு. டைனமோவின் 22 ஆம்பியருக்கு அளந்த வயரில் ஆல்டர்னேட்டரின் 36 ஆம்பியரை அனுப்புவதை ஆதரிப்பவர்கள் உருகிய ரப்பர் வாசனை அறியாதவர்கள். இரண்டாம் மரபே வலியது.

பாசிட்டிவ் எர்த் குறித்துத் தனி எச்சரிக்கை. பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் மாட்டியிருக்கும். அதை மாற்றாமல் நெகட்டிவ் எர்த் ஆல்டர்னேட்டரைக் கொடுத்தால் டயோடுகள் அந்தக் கணமே போய்விடும். பேட்டரியைத் திருப்பும்போது இக்னிஷன் காயிலின் இரு வயரையும் இடம் மாற்றுவது முறை.

இந்த ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு சிவப்பு விளக்கைப் பற்றியது. இரண்டு வாட் அளவிலான அந்தக் குட்டிப் பல்பை அறிவிப்பு விளக்கு என்றே உலகம் நம்புகிறது. உண்மையில் சாவி போட்டதும் அதன் வழியே போகும் சிறு மின்னோட்டம்தான் சுழலியைக் காந்தமாக்கி ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. பல்பு ஃப்யூஸ் போனால் புத்தம்புது ஆல்டர்னேட்டரும் ஐடிலில் சும்மா சுற்றும். பழுதென்று திருப்பிக் கொடுக்கப்படும் ஆல்டர்னேட்டர்களில் நல்லவையும் இருப்பது இதனால்தான். சாவி போட்டால் விளக்கு எரிய வேண்டும், ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் அணைய வேண்டும், பேட்டரி முனையில் மீட்டர் 14 வோல்ட் ஒட்டிக் காட்ட வேண்டும். பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் கீச்சிடும்.

அசல் தன்மை போய்விட்டதே என்று வருந்தும் மூலபாட வாதிகளுக்காக, டைனமோவின் உருளை உடம்புக்குள் ஆல்டர்னேட்டரை ஒளித்துவைத்த யந்திரம் பிரிட்டனில் விற்பனைக்குக் கிடைக்கிறது. பழங்கார் அணிவகுப்பில் நடுவர் பார்த்தாலும் தெரியாது. சந்தேகம் வந்தால் இன்ஜினை ஐடிலில் விட்டு ஹெட்லைட்டைப் போடச் சொல்லலாம். வெளிச்சம் மங்காவிட்டால் மார்க்கைக் குறைத்துவிடலாம்.