தலைவர் தயார், சான்றிதழில் கையெழுத்துதான் பாக்கி

'தலைமைப் பண்பு வளர்ப்புப் பட்டறை' என்று கல்லூரிகளில் ஒரு சடங்கு நடக்கிறது. குத்துவிளக்கு, பொன்னாடை, தாமதமாக வரும் சிறப்பு விருந்தினர். அப்புறம் ஆறு பேர் கூடிக் காகிதக் கப்புகளைக் கோபுரமாக அடுக்க வேண்டும். நின்றால் தலைமைப் பண்பு. சரிந்தால் 'குழு மனப்பான்மை' பற்றி இன்னொரு ஸ்லைடு. மாலையில் டீ, சமோசா, சான்றிதழ். யார் கலந்துகொள்வது என்பதைத் துறைத்தலைவரே முடிவு செய்கிறார். இதுவரை ஒரு கேள்வியும் கேட்காதவருக்கு முன்னுரிமை.

மாணவர் தேர்தல் வைத்தால் தலைவர்கள் தாமாகவே வந்துவிடுவார்களே? அதை எப்படி நடத்துவது என்று சொல்ல லிங்டோ குழுவின் பரிந்துரைகளே இருக்கின்றன. 2006இல் உச்ச நீதிமன்றமும் அமல்படுத்தச் சொல்லிவிட்டது. வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது, அச்சடித்த போஸ்டர் ஆகாது, 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். (சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் இந்தக் கடைசி விதி இல்லை, இருந்தால் பாவம், பலர் அரியர் எழுத வேண்டியிருக்கும்.) இத்தனை வம்பு எதற்கென்று பல கல்லூரிகள் தேர்தலையே கைகழுவிவிட்டன.

பட்டறை இல்லாமலே மாணவர்கள் தலைவர்களான காலமும் உண்டு. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னின்ற மாணவர்களில் ஒருவர் பெ. சீனிவாசன். இரண்டே வருடத்தில், 1967 தேர்தலில், விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தார். இன்றைக்கு அப்படி வீதியில் இறங்கும் மாணவரின் வீட்டுக்கு முதலில் போவது வருகைப்பதிவுக் குறைவு பற்றிய எஸ்எம்எஸ்தான். மறுநாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்வார்கள்.